பூட்டியல்: தில்லி வகுப்பறைக் கருவிகள் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

எவ்வளவு சிறிய நூலானாலும் முகப்பில் பாயிரம் இருக்க வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. முதலில் அந்தக் கடனைக் கழித்துவிடலாம். இந்த ஆராய்ச்சியின் எல்லை: வடக்கே நரேலா, தெற்கே பதர்பூர், கிழக்கே ஷாதரா, மேற்கே நஜஃப்கர். நுதலிய பொருள்: மாணவரின் படைப்பாற்றலையும் ஆராய்ச்சி மனப்பான்மையையும் வளர்ப்பதற்காகத் தில்லிப் பள்ளிகளில் வந்திறங்கிய கருவிகளும், இறங்கிய அன்றே அவற்றின் மேல் ஏறிய பூட்டுகளும். கேட்போர்: சாவி வைத்திருப்பவர் நீங்கலாக எல்லோரும். யாப்பு: உரைநடை, ‘இன்டராக்டிவ் பிளாட் பேனல்’ என்ற தொடர் எந்த வெண்பாவிலும் தளை தட்டாமல் உட்காராது. பயன்: ஆராய்ச்சி முடிந்தபின் தனிச் சுற்றறிக்கையில் தெரிவிக்கப்படும்.

கல்வித் தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள் வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சி, கணினி, டேப்லெட், ஸ்மார்ட் போர்டு என்று வந்து செயற்கை நுண்ணறிவில் மங்களம் பாடுவது வழக்கம். இந்த வரிசையில் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. மின்சாரம் கேட்காத, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லாத, ஆசிரியருக்குப் பணியிடைப் பயிற்சி வேண்டாத, பராமரிப்பு ஒப்பந்தம் போடாமலே பல தலைமையாசிரியர்களைக் கடந்து உழைக்கிற கருவி ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் தொங்குகிறது. அதைக் கருவியாக யாரும் எண்ணுவதில்லை. கதவின் உறுப்பாக நினைத்துவிடுகிறார்கள்.

தில்லி இந்த வகையில் கொடுத்துவைத்த ஊர். பூட்டுக்குப் பேர்போன அலிகார் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான். தெற்கே நம் திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இருந்தும் இந்த இரண்டு ஊர்க் கைவினைஞர்களில் ஒருவரைக்கூட விஞ்ஞான் பவனில் நடக்கும் கல்வி மாநாடுகளின் மேடையில் நான் பார்த்ததில்லை. அறிவுலகத்தின் நன்றி மறந்த போக்குக்கு இது ஒரு சான்று.

இனி நூலுக்குள் புகுவோம்.

நூற்பா 1: கருவி எனப்படுவது காக்கப் படுவது.

இதன் பொருள்: வகுப்பறைக் கருவி என்று சொல்லப்படுவது யாது எனில், காவலுக்கு உரியது எதுவோ அது. ‘பயன்படுவது’ என்னாது ‘காக்கப்படுவது’ என்றமையால், பயன்பாடு ஒருகால் நிகழ்ந்தாலும் அது காவலுக்கு ஊறு செய்யாத அளவில் நிகழும் என்பது பெற்றாம். ‘எனப்படுவது’ என்ற சிறப்பால், காக்கப்படாத கருவிகளான சாக்பீஸ், டஸ்டர், மாணவரின் சொந்தப் பேனா முதலியன கருவி என்னும் பெயருக்கு உரியன அல்ல என்க.

தில்லியில் இந்த நூற்பாவுக்கு முதல் எடுத்துக்காட்டு தொலைக்காட்சி. நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று இந்த ஊரில்தான் தொடங்கியது. சினிமாப் பாட்டுக்கோ நாடகத்துக்கோ அதை வரவழைக்கவில்லை. யுனெஸ்கோ உதவியோடு சமூகக் கல்விக்கான சோதனையாக வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1961 அக்டோபரில், ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவோடு அகில இந்திய வானொலி தில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் நடத்த ஆரம்பித்தது. இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்கள். காரணம் நியாயமானது: பள்ளிகள் பெருகின, அறிவியல் ஆசிரியர்கள் போதவில்லை, ஆய்வுக்கூடங்கள் அதைவிடப் போதவில்லை. ஸ்டுடியோவில் ஒரு நல்ல ஆசிரியர் ஒரு தடவை சோதனை செய்து காட்டினால் அத்தனை பள்ளிகளும் பார்க்கலாம்.

திட்டத்தைச் சமூகவியலாளர் பால் நியூராத் மதிப்பீடு செய்து நூலே எழுதினார். நம் துறையின் கோணத்தில் அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. சோதனைக்குழாய் ஸ்டுடியோவில் இருந்தது; மாணவன் கரோல்பாகில் இருந்தான். நடுவில் வான்வெளி. கண்ணாடிப் பொருள் உடைந்ததற்கான பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாமல் வேதியியல் கற்பிக்க மனித குலம் கண்டுபிடித்த முதல் முறை இது. கந்தக அமிலம் யார் சட்டையிலும் படவில்லை. ‘இதில் அதை ஊற்றினால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியை மாணவன் கேட்கலாம்தான். திரைக்குக் காது கிடையாது. ஆராய்ச்சி என்பதில் உள்ள ஒரே ஆபத்தான பகுதியான ஆராய்கிறவனை இப்படி அப்புறப்படுத்திய பிறகு, மீதி எல்லாம் பத்திரமாக நடந்தது.

அடுத்தது 1984. மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பொறுப்பு, தில்லி ஸ்ரீ அரவிந்தர் மார்க்கில் இருக்கும் என்சிஇஆர்டிக்கு. நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. 32 கிலோபைட் நினைவகம். இந்தக் கட்டுரையின் எழுத்துகளே அதில் முழுதாக அடங்காது. தூசி ஆகாது என்பதால் அறைக்கு ஏ.சி., ஜன்னலுக்குத் திரை, வாசலில் காலணி. அந்தத் தலைமுறையில் படித்தவர்களைக் கேட்டால் பேசிக் மொழியில் என்ன எழுதினோம் என்பது நினைவிருக்காது. சாக்ஸில் ஓட்டை இருந்தது நினைவிருக்கும். தரிசனம் மாதிரி வரிசையில் போய், மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்கார்ந்து, நடுவில் இருக்கிறவன் தட்ட, இரு பக்கத்தவரும் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த நடுவில் உட்கார்ந்தவர்கள்தான் பின்னாளில் கலிஃபோர்னியா போனார்கள் என்று ஒருசாரார் கூறுவர். அது ஆய்வுக்குரியது.

பூட்டைக் கெட்ட மனசின் அடையாளமாக நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. அதை மாட்டுவது தலைமையாசிரியரின் கை. மாட்டச் சொல்வது ஒரு நூல். மத்திய நிதி அமைச்சகத்தின் ‘பொது நிதி விதிகள், 2017’. தில்லி அரசின் துறைகளும் இதன்படிதான் நடக்கின்றன. இந்த நாட்டில் கற்பித்தல் முறையின் மேல் இவ்வளவு செல்வாக்குச் செலுத்திய வேறு நூல் கிடையாது, பி.எட். வகுப்பில் மட்டும் யாரும் அதைப் பாடமாக நடத்துவதில்லை. அதன் விதி 211, பொருள்களைச் சாதி பிரித்து வைக்கிறது. மேசை, நாற்காலி, இயந்திரம் முதலிய நிலைச் சொத்துகளுக்குப் படிவம் 22. காகிதம், மை போன்று தீர்ந்துபோகிறவற்றுக்குப் படிவம் 23. நூலகப் புத்தகங்களுக்குப் படிவம் 18. வரலாற்று, கலை மதிப்புள்ள பொருள்களுக்குப் படிவம் 24. கணினி படிவம் 22-இல் நுழைகிறது. பள்ளியில் இருக்கும் காலத்தைப் பார்த்தால் படிவம் 24-இல் முடிந்திருக்க வேண்டும்.

விதி 213 சொல்கிறது: நிலைச் சொத்துகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்த்து முடிவைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் விசாரிக்க வேண்டும். சரிபார்ப்பின் கேள்வி ‘இருக்கிறதா?’ என்பது. ‘யார் பயன்படுத்தினார், அதை வைத்து என்ன செய்தார்?’ என்பதற்குப் பத்தி இல்லை. இருபது இருக்க வேண்டிய இடத்தில் இருபது இருந்தால் பதிவேடு நிறைவடைகிறது. பத்தொன்பது இருந்து, அந்தப் பத்தொன்பதிலும் பிள்ளைகள் பூமிக்கு அடியில் நீர்மட்டம் இறங்குவதைப் பற்றி வரைபடம் போட்டுக்கொண்டிருந்தால், இருபதாவது எங்கே என்பதுதான் கேள்வி.

பள்ளி மொழியில் இதற்கு ‘சார்ஜ்’ என்று பெயர். கம்ப்யூட்டர் லேப் ஒரு டீச்சரின் சார்ஜில் இருக்கும். அவர் மாற்றலாகிப் போகும்போது ஸ்டாக் ரெஜிஸ்டரை விரித்து, கீபோர்டு இத்தனை, மவுஸ் இத்தனை என்று எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைத்தால்தான் கையெழுத்துக் கிடைக்கும். ஒரு மவுஸ் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பாடம் நடக்கவில்லை என்று அவரை யாரும் விசாரித்தது இல்லை. அந்த இடத்தில் இருந்தால் நானும் பூட்டுவேன். இரண்டு பூட்டாகப் போடுவேன்.

நூற்பா 2: காப்போன் இல்வழிக் கருவியும் இன்றே.

சார்ஜ் வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கும் நாளில் கருவியும் விடுப்பில் இருக்கும் என்றவாறு. இதற்கு உதாரணம்:

“மேடம், எட்டாம் வகுப்பு லேப் பீரியட். சாவி?”

“சாவி ஷர்மா மேடத்திடம்.”

“ஷர்மா மேடம்?”

“போர்டு பேப்பர் திருத்தப் போயிருக்காங்க. நீங்க வகுப்பிலேயே கம்ப்யூட்டர் படம் வரையச் சொல்லிடுங்க. பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்க.”

பாகங்களைக் குறித்தல் என்ற இந்தக் கலையை இகழ வேண்டாம். சிபியூ, மானிட்டர், மவுஸ் என்று ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டு எழுதும் நேர்த்தியில் தில்லி மாணவர்களை மிஞ்ச ஆளில்லை.

மேற்சொன்ன இரண்டு நூற்பாக்களுக்கும் புறனடையாக ஒரே ஒரு நிகழ்வு இந்த நகரத்தில் பதிவாகியிருக்கிறது. 1999 ஜனவரி 26. ராஜபாதையில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த அதே நாளில், தெற்கே கால்காஜியில் என்ஐஐடி நிறுவன அலுவலகத்தின் சுற்றுச்சுவரில் ஓர் ஓட்டை போட்டு கணினித் திரையை வெளிப்பக்கம் பார்க்க வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. செய்தவர், அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த இயற்பியலாளர் சுகதா மித்ரா. அறிவிப்பு இல்லை, ஆசிரியர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, ரிப்பன் வெட்டவும் ஆள் இல்லை. ஆங்கிலமே தெரியாத பிள்ளைகள் சில நாளில் இணையத்தில் உலாவவும் படம் வரையவும் பாட்டுக் கேட்கவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். கர்சரை ஊசி என்றார்கள். காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரச் சின்னத்தைச் சிவன் கையிலிருக்கும் டமரு என்றார்கள். இதிலிருந்து ‘குறைந்தபட்சத் தலையீட்டுக் கல்வி’ என்ற கொள்கை பிறந்து உலகம் சுற்றியது. தூதரக அதிகாரி விகாஸ் ஸ்வரூப்புக்கு ஒரு நாவல் எழுதத் தூண்டுதலானது. அது 2008-இல் சினிமாவாகி ஆஸ்கர் வாங்கியது. மித்ராவுக்கு 2013-இல் பத்து லட்சம் டாலர் டெட் பரிசு.

இதைப் பூட்டில்லாக் கல்வியின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. கால்காஜியிலும் பூட்டு இருந்தது. கணினியின் உடம்பு சுவருக்கு உள்ளே, நிறுவனத்தின் காவலில் இருந்தது. திரையும் தொடுபலகையும் மட்டும் வெளியே. திருட முடியாது, தொடலாம். பள்ளிகளில் பூட்டு பிள்ளைக்கும் கருவிக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே அது கருவிக்கும் திருடனுக்கும் நடுவில் நின்றது. அறுபது ஆண்டுத் தில்லிக் கல்வித் தொழில்நுட்ப வரலாற்றில் பூட்டைச் சரியான பக்கத்தில் மாட்டிய ஒரே வடிவமைப்பு இதுதான். அது பள்ளிச் சுவரில் நிகழவில்லை என்பதையும் கூடவே குறித்துவைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷாவர் தில்லிக்கு வந்து இந்த வகைக் கணினிகளைப் பார்த்தார். இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை, இந்தியில் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் பெயின்ட் மென்பொருளில் படம் வரைவதும் விளையாடுவதுமாகவே இருக்கிறார்கள், பெற்றோருக்கு மனக்குறை என்று எழுதினார். பாயல் அரோரா உத்தராகண்டில் இருந்த கணினி மையங்களுக்குப் போய்ப் பார்த்து, சுவரும் ஓட்டையும்தான் மிச்சம் என்கிற அளவில் 2010-இல் எழுதினார். இரண்டும் நியாயமான விமர்சனங்கள். மித்ராவின் ரசிகர்கள் இவற்றுக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நுட்பம். படைப்பாற்றலை வளர்க்க வேண்டும் என்று குழுக்கள் கூடி அறிக்கை எழுதுகின்றன. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து மணிக்கணக்கில் படம் வரைகிறார்கள். அது குறைபாடு என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகிறது. படைப்பாற்றலுக்கு வந்த முதல் விண்ணப்பம் படிவம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இடம் கால்காஜி.

இந்த ஆராய்ச்சியில் தமிழர் பங்கையும் மறைக்கக் கூடாது. காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்துக் கணினியில் மித்ரா ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல் பாடங்களை ஏற்றிவைத்துவிட்டுப் போனார். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள். டிஎன்ஏ எப்படித் தன்னைத்தானே நகலெடுக்கிறது என்பது பாடம். எதுவும் வராது என்று நிரூபிப்பதே நோக்கம். அந்த நிரூபணம் தோற்றது. பூஜ்யத்தில் இருந்த மதிப்பெண் இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து முப்பதைத் தொட்டது. அடுத்து உயிரியலே தெரியாத ஓர் உள்ளூர் இளம்பெண்ணைப் பிள்ளைகளின் பின்னால் நிற்கச் சொன்னார்கள். வேலை ஒன்றே: பாட்டி மாதிரி வியப்பது. ‘அடடா, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொல்லுங்களேன்!’ மதிப்பெண் ஐம்பதுக்கு ஏறியது. உயிரித் தொழில்நுட்ப ஆசிரியரை வைத்துக்கொண்டு படித்த ஒரு தில்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமம் என்று 2010-இல் வந்த ஆய்வுக்கட்டுரை சொல்கிறது. பாட்டிக்குப் படிவம் 22-இல் இடமில்லை என்பதால் கொள்முதல் செய்ய வழியில்லை.

காளிக்குப்பத்திலிருந்து தில்லிக்குத் திரும்பினால், அந்த ஓட்டையும் கடைசியில் பள்ளிக்குள் வந்து சேர்ந்தது. 2014-இல் கால்காஜியிலேயே ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில், மித்ராவின் பரிசுப் பணத்தில் எழுந்த ஆய்வகங்களில் ஒன்று திறக்கப்பட்டது. வெளிச்சுவரிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேரப் பதினைந்து ஆண்டு.

மாணவருக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதற்கு முன்னோடியாக 2009 பிப்ரவரியில் திருப்பதியில் 10 டாலர் லேப்டாப் என்று காட்டப்பட்டது லேப்டாப்பாக இல்லை, சேமிப்புக் கருவியாக இருந்தது. 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் அமைச்சர் கபில் சிபல் ஏழு அங்குல ஆகாஷை வெளியிட்டார்: 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம், தொட்டால் போதாது அழுத்த வேண்டும் என்ற திரை. இதற்குத் தனியாகப் பூட்டு தேவைப்படவில்லை. பூட்டுத் தத்துவம் வன்பொருளிலேயே கரைந்திருந்தது.

அதற்கு இருபது நாள் முன்னே, 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தமிழக முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்திருந்தார். அடுத்த ஆண்டுகளில் ஐம்பது லட்சம் அளவுக்கு வழங்கப்பட்டன. தில்லிப் பத்திரிகைகளுக்கு அது ஓட்டு வாங்கும் வேலை. மேலே ஒட்டியிருந்த முதல்வர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பூட்டியல் சிரிக்காது. பொருளைப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டால் அது பள்ளியின் ஸ்டாக் ரெஜிஸ்டரிலிருந்து கழிகிறது. ரெஜிஸ்டரில் இல்லாததற்கு சார்ஜ் இல்லை. சார்ஜ் இல்லாததற்குப் பூட்டு இல்லை. அதில் சினிமா பார்த்தார்கள், கல்யாண ஆல்பம் செய்தார்கள், சிலர் விற்றார்கள், சிலர் நிரல் எழுதக் கற்றார்கள். பயன்பாடு என்பது இந்த நான்கும் சேர்ந்த கலவையாகத்தான் வரும். நான்காவதை மட்டும் தனியாகக் கொள்முதல் செய்ய டெண்டர் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தற்காலத்துக்கு வருவோம். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது: அமைக்கப் பத்து, ஐந்தாண்டு நடத்தப் பத்து. 1,500 சதுர அடி இடம் வேண்டும். 3டி பிரிண்டர், சென்சார், மின்னணு உதிரிகள். நாட்டில் 10,000 பள்ளிகளில் வந்தாகிவிட்டது. 2025 பட்ஜெட் அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்றது. திட்டம் நல்ல திட்டம். உள்ளே விட்டால் பிள்ளைகள் நிஜமாகவே எதையாவது செய்கிறார்கள். பள்ளிக்கு விருந்தினர் வரும்போது 3டி பிரிண்டரில் அச்சிட்டுக் காட்டப்படுவது என்ன என்று மட்டும் கவனித்திருக்கிறேன். பள்ளியின் பெயர் பொறித்த சாவிக்கொத்து.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கே பூட்டு விழுந்தபோது பாடமெல்லாம் அப்பாவின் செல்போனுக்குள் குடிபோனது. அதன் திரைப் பூட்டின் கோலத்தைப் பிள்ளைகள் முதல் நாளே தெரிந்துகொண்டார்கள். கல்வி வரலாற்றில் மாணவர்களால் திறக்க முடிந்த முதல் பூட்டு அது.

பூட்டுக்கு வெளியே நின்றும் ஆராய்ச்சி நடக்கிறது என்பதற்குத் தில்லியில் வளமான சான்று சிக்கிம். சிபிஎஸ்இ 2020-21 முதல் கலை ஒருங்கிணைந்த ப்ராஜெக்டைக் கட்டாயமாக்கியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்றாவது, தங்கள் மாநிலத்தோடு இணை சேர்க்கப்பட்ட மாநிலத்தின் கலையோடு பிணைந்திருக்க வேண்டும். தில்லிக்கு இணை சிக்கிம். ஆகவே கணக்குக்கு ஒரு சிக்கிம், அறிவியலுக்கு ஒரு சிக்கிம், ஆங்கிலத்துக்கு ஒரு சிக்கிம். 2011 கணக்கெடுப்பின்படி சிக்கிமின் மக்கள்தொகை 6.1 லட்சம், தில்லிப் பள்ளிப் பிள்ளைகள் அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு சிக்கிம்வாசியைப் பற்றியும் தனித்தனி ஆய்வேடு எழுதும் ஆள்பலம் இந்த நகரத்தில் இருக்கிறது.

ஆய்வு நடக்கும் இடம் செக்டர் மார்க்கெட்டில் உள்ள ஸ்டேஷனரி கடை. ஆர்.கே.புரத்துத் தமிழ் அம்மா ஒருவர் இரவு ஒன்பதரைக்கு ஆட்டோவை நிறுத்தி இறங்கி, “பையா, நாளைக்குச் சப்மிஷன். மேத்ஸ் சிக்கிம் ஒண்ணு” என்கிறார். கடைக்காரரின் பென்டிரைவில் கஞ்சன்ஜங்கா, ரும்டெக் மடாலயம், தாங்கா ஓவியம் எல்லாம் பாடவாரியாக அடுக்கியிருக்கும். “கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா, தீதி? போன வருஷம் வட்ட வரைபடத்துக்கு மார்க் போட்டாங்க. பார் கிராஃப் வேண்டாம்.” மதிப்பெண் போகிற திசையைப் பல ஆண்டுத் தரவுகளிலிருந்து ஊகித்து, கருதுகோளைத் திருத்தி, விளைபொருளை மாற்றுகிறார். இது தூய ஆராய்ச்சி. நெறியாளர், கருவி, வெளியீடு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. முகப்பில் மாணவன் பெயர். நன்றியுரையில் ஆசிரியர் பெயர். கடைக்காரர் பெயர் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. ஸ்பைரல் பைண்டிங் முப்பது ரூபாய் அதிகம்.

அந்தக் கடை தினமும் பத்து மணி வரை திறந்திருக்கிறது என்பதே அதன் கல்விக் கொள்கை. பூட்டியல் பரிந்துரைக்கும் ஒரே சீர்திருத்தமும் அதை ஒட்டியதுதான். அதற்கு மூலம் பொது நிதி விதிகளுக்குள்ளேயே, விதி 215-இல் இருக்கிறது. நூலகப் புத்தகங்களைப் பற்றிய விதி. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வீதம் தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நாணயக்கேடோ அசட்டையோ இல்லாதவரை ஏற்கலாம் என்கிறது. நிதி அமைச்சகம் எழுதியவற்றில் இவ்வளவு கனிவான வாக்கியம் வேறொன்று கிடைப்பது அரிது. கைபட்டால் தேயும், இரவல் போனால் சில திரும்பாது, அதுவே பயன்பட்டதன் அடையாளம் என்று யாரோ ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகத்துக்குத் தெரிந்த இந்த உண்மை கணினிக்கு மட்டும் மறுக்கப்பட்டிருக்கிறது. லேப்டாப்பைப் படிவம் 22-இலிருந்து படிவம் 18-க்கு மாற்றிப் புத்தகமாகப் பதிந்துவிட்டால் போதும். அதுவும் விரித்து மூடப்படுவது, உள்ளே எழுத்து உடையது, பெரும்பாலும் படிக்கப்படாதது. ஆகவே நூல் என்க.

விளைவைக் கணக்கிடுவோம். ஒரு பள்ளியில் 20 லேப்டாப். நாளொன்றுக்கு ஒவ்வொன்றும் நான்கு பிள்ளைகளுக்கு வழங்கப்படுகிறது; 200 பள்ளி நாள். மொத்த வழங்கல் 16,000. ஆயிரத்துக்கு ஐந்து வீதம் 80 லேப்டாப் தொலையலாம். அதாவது பள்ளி தன்னிடம் உள்ள இருபதையும் நான்கு முறை தொலைத்துவிட்டு, விதிக்கு உட்பட்டுத் தலைநிமிர்ந்து நிற்கலாம். மாறாக, லேபைத் திறக்கவே திறக்காத பள்ளிக்கு வழங்கல் பூஜ்யம், சலுகையும் பூஜ்யம். ஒரு மவுஸ் குறைந்தாலும் மாட்டிக்கொள்ளும். விதி ஒன்றை நகர்த்தியதில், பயத்தின் திசை தலைகீழாகிவிடுகிறது: பூட்டுகிறவர் நடுங்க வேண்டும்.

அற்றேல், ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புத்தகம் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறதே எனின், அதற்கும் வழி உண்டு. வருமான வரி விதிகள் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கின்றன. அந்த வீதத்தை இரவல் வாங்கினால், 30,000 ரூபாய் லேப்டாப் ஏழாம் ஆண்டு முடிவில் 840 ரூபாய். அன்று முதல் அதை எந்தப் பிள்ளையும் அச்சமின்றித் தொடலாம், திறக்கலாம், கழற்றியும் பார்க்கலாம். அன்று அது இயங்குமா என்பது தொழில்நுட்பத் துறையினர் ஆராய வேண்டியது. நிதித் துறைக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னும் ஒரு தடை எழுப்புவோர் உளர். ஆயிரத்துக்கு ஐந்து என்ற சலுகை இத்தனை காலமாக இருந்தும் நூலக அலமாரி பூட்டித்தானே இருக்கிறது என்பர். உண்மை. ஆனால் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு இருப்பதால் புத்தகங்களின் முதுகு தெரிகிறது. முதுகைப் பார்ப்பதும் ‘எடுத்துப் பார்த்தல்’ என்பதில் அடங்குமா என்பதில் உரைகாரர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவையெல்லாம் ஈண்டு விரிப்பின் பெருகும். வேண்டுவோர் நூலகரிடம் கேட்டு உணர்க. அவர் தேர்தல் வேலையில் இருக்கிறார்.